‘குவைதான்’ ப்ளூ-ரே: மூன்று மணி நேரமும் ஓர் ஒற்றை ஒலித்தடமும்

மசாகி கோபயாஷியின் ‘குவைதான்’ படத்தை வீட்டில் பார்க்க அமர்பவர் முதலில் செய்ய வேண்டிய காரியம், தம் ஒலிக்கருவியில் ‘இரவு முறை’ என்றொரு வசதி இருந்தால் அதை அணைத்து வைப்பதுதான். பக்கத்து அறையில் உறங்குபவர்களை எழுப்பாமல் இருப்பதற்காக, மெல்லிய ஒலியை உயர்த்தியும் பலத்த ஒலியை அமுக்கியும் தரும் அந்த ஏற்பாட்டை மறந்துவிட்டு, கிரைட்டீரியன் நிறுவனம் வெளியிட்ட இந்த வட்டின் முதல் கதையை நான் ஒருமுறை முழுதாகப் பார்த்துத் தொலைத்தேன். படம் அழகாக இருந்தது. ஆனால் ஒரு முறைகூட உடல் சிலிர்க்கவில்லை. மறுநாள் காரணத்தைக் கண்டுபிடித்து அணைத்துவிட்டு அதே கதையை மீண்டும் ஓட்டியபோது, அது வேறொரு படமாக இருந்தது. இந்த வட்டைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பதில் பாதி அந்த வேறுபாட்டிலேயே அடங்கிவிடுகிறது. பழைய ஜப்பானியப் பேய்ப்படத்தின் வட்டு என்றால் எல்லோரும் படத்தின் துல்லியத்தையும் நிறத்தையும்தான் முதலில் கேட்பார்கள். இந்தப் படத்துக்கு அந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும்.

படத்தை அறியாதவர்களுக்குச் சில செய்திகள். 1964ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானில் திரைக்கு வந்த ‘குவைதான்’, ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு பேய்க்கதைகளின் தொகுப்பு. கிரேக்கத் தாய்க்கும் ஐரிஷ் தந்தைக்கும் 1850இல் பிறந்து, நாற்பதை நெருங்கும் வயதில் ஜப்பானுக்குப் போய், அங்கேயே மணம் முடித்து, கொய்சுமி யாகுமோ என்று பெயரும் மாற்றிக்கொண்ட லாஃப்கேடியோ ஹெர்ன் எழுதியவையே அவை நான்கும். அவருடைய ‘குவைதான்’ நூல் 1904இல் வந்தது. அதே ஆண்டில் அவர் காலமானார். படத்தின் தலைப்பு அந்த நூலுடையதே என்றாலும், பனிப்பெண் கதையும் காதற்ற ஹோய்ச்சியின் கதையும் மட்டுமே அதிலிருந்து எடுக்கப்பட்டவை. கருங்கூந்தல் கதையும் தேநீர்க் கிண்ணக் கதையும் அவருடைய வேறு நூல்களைச் சேர்ந்தவை. ‘மனித நிலை’ என்ற முப்படத் தொடரையும் 1962இல் ‘ஹராகிரி’யையும் கறுப்பு வெள்ளையில் எடுத்து, போரையும் அதிகாரத்தையும் நேருக்கு நேர் குற்றக்கூண்டில் நிறுத்திய இயக்குநர், தம் முதல் வண்ணப்படத்துக்குப் பேய்க்கதைகளைத் தேர்ந்தெடுத்தது அன்று பலருக்கு வியப்பாக இருந்திருக்கும். பிரம்மாண்டமான விமானக் கொட்டகை ஒன்றுக்குள் காடும் கடலும் பனிவெளியும் அமைத்து, வானத்தையே திரைச்சீலையில் தீட்டி எடுத்தார்கள். அந்தச் செலவைத் தாங்க மாட்டாமல் தயாரிப்பு நிறுவனமே முடங்கிப்போனது. 1965இல் கான் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு கிடைத்தது. ஆஸ்கரில் பிறமொழிப் படப் பிரிவின் இறுதிப் பட்டியலிலும் இடம்பெற்றது.

இந்தப் படத்தின் வரலாறு, கத்தரிக்கோலின் வரலாறும்கூட. கோபயாஷி முடித்த வடிவம் 183 நிமிடங்கள் ஓடக்கூடியது. வெளிநாடுகளுக்குப் போனது அதைவிடக் குறுகிய வடிவம். அமெரிக்கத் திரையரங்குகளிலோ பனிப்பெண் கதையை அடியோடு எடுத்துவிட்டு, ஏறத்தாழ இரண்டு மணி நேரப் படமாகக் காட்டினார்கள். கிரைட்டீரியனே 2000ஆம் ஆண்டு வெளியிட்ட டிவிடியும் 161 நிமிட வடிவந்தான். நான் பல ஆண்டுகள் வைத்திருந்ததும், குவைதான் என்றால் இதுதான் என்று நம்பியிருந்ததும் அதைத்தான். 2015 அக்டோபரில் வந்த இந்த ப்ளூ-ரே, இயக்குநரின் முழு வடிவத்தை 2கே துல்லியத்தில் (அகலவாக்கில் ஏறத்தாழ இரண்டாயிரம் படப்புள்ளிகள்) புதுப்பித்துத் தருகிறது. இருபத்திரண்டு நிமிடங்கள் கூடின என்று கேட்டால் பெரிதாகத் தோன்றாது. வேறொரு படமாக இருந்தால் நானும் பொருட்படுத்தியிருக்க மாட்டேன். ஆனால் இந்தப் படம் பயத்தைக் காத்திருப்பால் உண்டாக்குகிறது. ஒருவன் பாழடைந்த வீட்டின் வாசலில் நின்று, உள்ளே போகலாமா என்று தயங்கும் நேரத்தைப் பாதியாக வெட்டினால் கதைக்கு ஒரு குறையும் வராது, கதையின் பயம் மட்டும் போய்விடும். பழைய டிவிடியில் நிதானமாக நகர்வதாகத் தோன்றிய படம், நீளம் கூடிய இந்த வடிவத்தில் இறுக்கமாகத் தோன்றுவதை வேறு எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

இனி ஒலி. தோரு தகேமிட்சுவின் பெயர் இந்தப் படத்தில் இசையமைப்பாளர் என்று வருவதில்லை. ‘இசை, ஒலி’ என்று இரண்டுக்கும் சேர்த்தே வருகிறது. அது வெறும் மரியாதைக்காகப் போட்டதன்று. மரம் பிளக்கும் ஓசை, கல்லில் கல் மோதும் ஓசை, ஷாகுஹாச்சி என்ற மூங்கில் குழலின் ஊதல் ஆகியவற்றைத் தனித்தனியே பதிவு செய்து, நாடாவில் வெட்டியும் நீட்டியும் உருமாற்றியும், படத்தின் இயல்பான ஓசைகள் இருக்க வேண்டிய இடத்தில் அவற்றை அமர்த்தினார். பனிப்புயல் வீசும்போது காற்றின் இரைச்சலைக் கேட்க நாம் தயாராக இருக்கிறோம். கேட்பதோ காற்றைப் போன்ற, ஆனால் காற்றாக இல்லாத ஒன்று. அதைவிட முக்கியம், அவர் எதையும் வைக்காமல் விட்ட இடங்கள். நடப்பவரின் காலடி கேட்காது. திறக்கும் கதவு கேட்காது. துணியின் சரசரப்பும் இராது. திரையில் உயிருள்ள மனிதர் அசைந்துகொண்டிருக்க, உலகம் ஊமையாகிவிட்டது போலிருக்கும்.

கருங்கூந்தல் கதையின் இறுதிக் கட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். வறுமைக்கு அஞ்சி, தறி நெய்து தன்னைக் காப்பாற்றிய மனைவியைக் கைவிட்டுப் போன சாமுராய், ஆண்டுகள் பல கழிந்து கியோத்தோவிலுள்ள பழைய வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறான். என்ன நேர்கிறது என்பதை நான் சொல்லப் போவதில்லை. அவன் பதறியடித்து ஓட, உளுத்துப்போன தரைப்பலகையில் கால் புதைந்து பலகை முறிகிறது. முறிவதைப் பார்க்கிறோம், ஆனால் ஓசை வருவதில்லை. நம் காது அதற்காக ஏங்கி நிற்கும் ஒரு கணம் கழிந்து, திரையில் ஒன்றுமே முறியாத வேறொரு வேளையில், மரம் பிளக்கும் அந்த ஓசை அறையையே பிளப்பது போல் வந்து விழுகிறது. கண்ணும் காதும் ஒன்றையொன்று நம்பாமல் போகும் நிலை அது. இரவு முறை என்ன செய்தது என்றால், நிசப்தமாக இருக்க வேண்டிய இடத்தில் அடியிலிருந்த இரைச்சலை உயர்த்தி, பிளக்கும் ஓசையை ஒரு தட்டலாகத் தணித்து, இரண்டையும் ஒரே உயரத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. மேடும் பள்ளமும் சேர்ந்துதான் இந்த இசை. அதைச் சமன்படுத்திவிட்டால் மிஞ்சுவது படக்கதைப் புத்தகம்.

இந்த வட்டின் ஒலித்தடம் சுருக்கப்படாத, ஒற்றைத் தடம் (மோனோ). நான்கு பக்கமும் ஒலிபெருக்கி வைத்திருப்பவர்களுக்கு ஒற்றைத் தடம் என்றால் ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கு அதுவே இந்தப் பதிப்பின் மிகச் சரியான முடிவாகப் படுகிறது. திரையின் நடுவிலிருந்து, ஒரே புள்ளியிலிருந்து வரும் ஓசைக்கு ஒரு பிடிவாதம் இருக்கிறது. அதைப் பிரித்து அறையெங்கும் தூவினால், எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று ஆராய்வதிலேயே கவனம் போய்விடும். பழைய டிவிடியில் இழப்போடு சுருக்கிய தடத்தில் மரம் பிளக்கும் ஓசையின் முனை மழுங்கியிருந்தது. இங்கே அந்த ஓசைக்கு நாரும் சிராயும் இருக்கின்றன. நிசப்தமான இடங்களில் மிக மெல்லிய அடி இரைச்சல் இன்னும் இருக்கத்தான் செய்கிறது. அதையும் துடைத்தெடுத்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. துடைத்தால் கூடவே ஷாகுஹாச்சியின் மூச்சும் போய்விடும், ஏனென்றால் அந்தக் கருவியில் ஊதுபவரின் மூச்சுக்காற்று இசையின் பகுதி. இரைச்சலையும் மூச்சையும் பிரித்தறியும் இயந்திரத்தை நான் இன்னும் சந்திக்கவில்லை. புதுப்பித்தவர்கள் எங்கே கையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தெரிந்து எடுத்திருக்கிறார்கள்.

ஹோய்ச்சியின் கதை வரும்போது இந்தத் தடம் இன்னொரு விதத்தில் சோதிக்கப்படுகிறது. 1185இல் தன்னோஉரா கடற்போரில் ஹெய்கே என்ற போர்வீரர் குலம் அழிந்தது. குழந்தைப் பேரரசர் அந்தோகுவையும் கடல் கொண்டது. அந்தப் போரை பிவா என்ற நரம்புக் கருவியை மீட்டிப் பாடும் கண்ணிழந்த இளைஞன்தான் ஹோய்ச்சி. அவன் பாட்டைக் கேட்க விரும்புபவர்கள் யார் என்பதுதான் கதை. பிவாவின் மீட்டுகோல் மிகப் பெரியது, அகன்ற முக்கோணப் பலகை போன்றது. நரம்பை மட்டுமல்லாமல் கருவியின் உடலையும் சேர்த்தே அடிக்கும். அந்த அடி, அடியாகவே கேட்க வேண்டும். இந்த வட்டில் கேட்கிறது. நரம்பு அதிர்ந்து அடங்கும்வரை பின்தொடர முடிகிறது. கடற்போர்க் காட்சியில் நடிகர்களோடு போர் ஓவியமும் மாறி மாறி வர, பாட்டு மட்டும் விடாமல் ஓடிக்கொண்டிருக்கும் அந்த நீண்ட பகுதிதான் வட்டின் உச்சம் என்பேன்.

படத்தின் தரத்துக்கு வருவோம். யோஷியோ மியாஜிமாவின் ஒளிப்பதிவையும் ஷிகெமாசா தோடாவின் கலை இயக்கத்தையும் பழைய டிவிடியில் பார்த்தபோது, எல்லாவற்றின் மேலும் ஒரு பழுப்புப் போர்வை போர்த்தியிருந்தது. அதை நான் படத்தின் இயல்பு என்றே எண்ணியிருந்தேன். இங்கே போர்வை விலகியிருக்கிறது. பனிப்பெண் கதையில் வானத்தில் தீட்டப்பட்ட கண்கள் மேகமா கண்ணா என்ற ஐயத்துக்கு இடமின்றி நம்மைப் பார்க்கின்றன; தூரிகை இழுத்த தடம்கூடத் தெரிகிறது. பனிப்பெண்ணாக நடித்த கெய்கோ கிஷியின் முகத்தில் நீல ஒளி விழும் கணமும், அது விலகி வெதுவெதுப்பான அடுப்பொளி வரும் கணமும் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கின்றன. அந்த நிறமாற்றமே அவள் யார் என்பதைச் சொல்லிவிடுகிறது என்பதால், நிறம் பிசகினால் கதையே பிசகும். தொடக்க எழுத்துகளின்போது தண்ணீரில் மை கரைந்து விரியும் காட்சியை நான் மூன்று முறை திருப்பிப் போட்டுப் பார்த்தேன். வெள்ளை வெள்ளையாகவே இருக்க, மையின் ஓரம் புகைபோல் பிரிவது அத்தனை நுட்பமாகத் தெரிகிறது.

துல்லியம் கூடினால் அரங்க அமைப்பின் செயற்கைத்தனம் வெளியே தெரிந்துவிடுமே என்று ஓர் அச்சம் இருக்கிறது. தெரிகிறது. வயல்வெளி முடியும் இடத்தில் சீலை தொடங்குவதும், கடல் என்பது ஒரு தொட்டி என்பதும் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் புலப்படும். இதைக் குறையாகச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கோபயாஷி அதை மறைக்கவே முயலவில்லை. கூத்து மேடையில் இரண்டு பேர் பிடித்திருக்கும் திரையை யாரும் சுவர் என்று நினைப்பதில்லை. ஆனாலும் அதற்குப் பின்னாலிருந்து எழும் குரலுக்கு ஊரே நிமிர்ந்து உட்காருகிறது. இதுவும் அந்த வகை. வெளியுலகம் என்று ஒன்று இல்லவே இல்லை, எல்லாம் யாரோ தீட்டிய ஓவியத்துக்குள் நடக்கிறது என்ற உணர்வு வலுக்க வலுக்க, தப்பியோட இடமில்லை என்பதும் உறைக்கிறது.

உண்மையான குறைகள் வேறு. ஒரு காட்சி கரைந்து மற்றொன்று எழும் இடங்களில் படம் சற்றே சொரசொரப்பாகி, காட்சி மாறி முடிந்ததும் தெளிகிறது. அந்தக் காலத்தில் இத்தகைய இணைப்புகளை மறுபடி எடுத்த படிச்சுருளில் செய்ததால் வந்த வினை அது. அதற்கு வட்டைக் குறைசொல்ல முடியாது. ஆனால் 2கே என்ற அளவு இன்றைக்குப் போதுமா என்று கேட்டால், போதாது என்றுதான் சொல்ல வேண்டும். டோஹோஸ்கோப் என்ற அகலத்திரை வடிவில், விளிம்புவரை நுணுக்கமாகத் தீட்டப்பட்ட படம் இது. அதன் இருண்ட உட்புறங்களில், குறிப்பாக முதல் கதையின் பாழ்வீட்டில், கறுப்புக்குள் இன்னும் இரண்டு மூன்று கறுப்புகள் ஒளிந்திருப்பதை உணர முடிகிறது, பார்க்க முடியவில்லை. மூன்று மணி நேரப் படத்தையும் இணைப்புகளையும் ஒரே வட்டில் அடைத்ததும் சிக்கனம்தான். இரண்டு வட்டுகளாகக் கொடுத்திருக்கலாம்.

சப்டைட்டில் ஆங்கிலத்தில் மட்டுமே, மொழிபெயர்ப்பு புதியது. கதைசொல்லியின் குரல் இந்தப் படத்தில் நிறையவே வரும். அதை எளிமையாகவும் சுருக்கமாகவும் தந்திருப்பதால் கண் படத்தை விட்டு அதிக நேரம் கீழே இறங்குவதில்லை. ஹோய்ச்சியின் பாடலில் மட்டும் எனக்கு ஒரு தயக்கம். முதல் முறை வரிகளைப் படித்துவிட்டு, இரண்டாம் முறை சப்டைட்டிலை அணைத்துவிட்டுப் பாருங்கள். போரில் யார் யாரை வென்றார் என்பது தெரிந்த பிறகு, சொற்கள் கண்ணில் படாமல் இருப்பதே மேல்.

கூடுதல் இணைப்புகள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் இரண்டு பொருள்களுக்காகவே அவற்றைத் திறக்கலாம். ஒன்று, 1993இல் இயக்குநர் மசாஹிரோ ஷினோடா கோபயாஷியோடு நடத்திய உரையாடல். கோபயாஷி காலமானது 1996இல். ஆக, வாழ்க்கையின் கடைசிப் பகுதியில் ஒரு கலைஞர், தம் தொழிலை உள்ளிருந்து அறிந்த இன்னொருவரிடம் பேசுவது அது. கேட்பவர் பத்திரிகையாளராக இல்லாமல் இயக்குநராக இருப்பதால் பேச்சின் தொனியே வேறாக இருக்கிறது. இன்னும் நீளமாக இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்க வைக்கும் அளவுக்குச் சுருக்கம். மற்றொன்று, உதவி இயக்குநராகப் பணியாற்றிய கியோஷி ஒகாசாவராவின் பேட்டி. தளத்தில் நின்றவரின் நினைவு என்பதால் விமரிசகர்களின் சொற்களைவிட எனக்கு அதில் ருசி அதிகம். ஹெர்னின் வாழ்வையும் எழுத்தையும் பற்றிய பகுதி அறிமுகம் தேவைப்படுவோருக்குப் பயன்படும், மற்றவர்கள் தாண்டிப் போகலாம். முன்னோட்டங்களும் உண்டு.

திரைப்பட அறிஞர் ஸ்டீஃபன் பிரின்ஸின் விளக்கவுரை மூன்று மணி நேரமும் ஓடுகிறது. உழைப்பு பெரியது, ஓவியம், இசை, வரலாறு என்று எங்கெங்கோ போய்த் தகவல் கொண்டு வருகிறார். இதை நான் மறுப்பதற்கில்லை. ஆயினும் தகேமிட்சு வேண்டுமென்றே வெறுமையாக விட்ட இடங்களில் ஒருவர் பேசிக்கொண்டே இருப்பதைக் கேட்பது, தூங்கும் குழந்தையின் அருகில் உரக்கக் கதை பேசுவது போல் இருக்கிறது. இதில் பிரின்ஸின் தவறு எதுவுமில்லை. விளக்கவுரை என்ற வடிவத்துக்கும் இந்தப் படத்துக்கும் ஆகாது. அவர் சொல்வதைக் கட்டுரையாகப் படித்திருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பேன்.

வாங்குவோர் கவனிக்க வேண்டியது, இது ‘ஏ’ மண்டலத்துக்குப் பூட்டப்பட்ட வட்டு. அமெரிக்கக் கண்டங்கள், ஜப்பான், தென்கிழக்கு ஆசியா ஆகியவற்றில் விற்கும் கருவிகளில் ஓடும். மற்ற இடங்களில் மண்டலப் பூட்டில்லாத கருவி வேண்டும். ஐரோப்பா அடங்கிய ‘பி’ மண்டலத்தில் இருப்பவர்களுக்கு, பிரிட்டனின் யுரேகா நிறுவனம் தன் ‘மாஸ்டர்ஸ் ஆஃப் சினிமா’ வரிசையில் 2020இல் வெளியிட்ட ப்ளூ-ரே இருக்கிறது. அதுவும் முழு வடிவமே. முதலில் வந்த பெட்டிப் பதிப்போடு ஹெர்னின் மூலக்கதைகளை அச்சிட்டு ஒரு புத்தகமும் சேர்த்திருந்தார்கள். இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் பக்கம் நியாயம் அதிகம். படம் பார்த்த கையோடு மூலக்கதையைப் படித்தால், சில பக்கங்களில் ஹெர்ன் சொல்லி முடித்ததைக் கோபயாஷி எங்கே நிறுத்தி, எங்கே இழுத்தார் என்பது பளிச்சென்று தெரியும். கிரைட்டீரியன் தருவது ஜெஃப்ரி ஓ’பிரையனின் கட்டுரை அடங்கிய மடிப்புத்தாள் மட்டுமே. கட்டுரை நன்று. 39.95 டாலர் பட்டியல் விலைக்கு மடிப்புத்தாள் கொஞ்சம் கைச்சிக்கனமாகத்தான் படுகிறது. அவர்களே அவ்வப்போது அறிவிக்கும் பாதி விலை நாள்களுக்காகக் காத்திருந்து வாங்கினால் அந்த உறுத்தல் இராது.

திடுக்கிட வைக்கும் காட்சிகளுக்காகப் பேய்ப்படம் பார்ப்பவர்கள் இதை வாங்க வேண்டாம். ரத்தம் என்று பார்த்தால் ஹோய்ச்சியின் கதையில் ஓரிடம். மற்றபடி படத்தில் யாரும் அலறிக்கொண்டு மூலையிலிருந்து பாய்வதில்லை. மூன்று மணி நேரத்தை ஒரே அமர்வில் பார்த்தே தீர வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. கதைகள் தனித்தனியாக இருப்பதால், கருங்கூந்தலையும் பனிப்பெண்ணையும் ஓர் இரவிலும், மற்ற இரண்டை அடுத்த இரவிலும் வைத்துக்கொள்வதே என் வழக்கம். தேநீர்க் கிண்ணக் கதையை மட்டும் தனியாகப் பிரித்து இன்னோர் இரவுக்கு ஒதுக்கிவிடாதீர்கள். கிண்ணத்துத் தண்ணீரில் வேறு எவனோ ஒருவனின் முகம் தெரிய, அதைப் பார்த்தபடியே குடித்துவிடுகிறவனைப் பற்றிய அந்தச் சிறிய கதை, எழுத்தாளர் ஒருவர் முடிக்காமலே விட்ட கதையாகச் சொல்லப்படுகிறது. ஹோய்ச்சிக்குப் பிறகு, களைத்துப்போய், இனி என்ன இருக்கப்போகிறது என்ற அலட்சியத்தோடு பார்க்கும்போதுதான் அதன் கடைசி நிமிடம் பிடித்துக்கொள்கிறது. அதைப் பார்த்து முடித்த இரவில் தாகமெடுத்துச் சமையலறைக்குப் போன நான், விளக்கைப் போட்ட பிறகே சொம்பை எடுத்தேன்.